பாம்பு ரயிலில் மாற்றிய தட்டு

முறை தெரிந்தவனிடம் கல்யாண வேலையை ஒப்படைப்பது ஆபத்து. முறை தெரியாதவன் நாலு பேரைக் கேட்டுச் செய்வான். தெரிந்தவன் யாரையும் கேட்க மாட்டான்.

நான் தோட்ட அலுவலகங்களில் கிராணியாக, அதாவது கணக்கெழுதுகிறவனாக, இருந்து ஓய்வு பெற்றவன். துரையின் அறைக் கதவை எத்தனை முறை தட்டுவது, பந்தியில் யாரை எங்கே உட்கார வைப்பது, சம்பந்தி வந்தால் முதலில் காபியா தண்ணீரா என எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் உண்டு. (என் மனைவி இந்தக் குணத்துக்கு வேறொரு பெயர் வைத்திருக்கிறாள். எழுத முடியாது.)

எனக்குத் தெரிந்த இன்னொரு விஷயம் பாம்பு ரயில்.

ரிங்லெட் என்ற மலை ஊருக்கு மேலே, தேயிலை முடிந்து முட்டைக்கோஸ் தோட்டம் தொடங்கும் சரிவில் வேலு அண்ணன் குடும்பம் ஒரு விளையாட்டுப் பூங்கா நடத்தியது. மகன்கள் இயந்திரம் பார்ப்பார்கள். வேலு அண்ணனின் மனைவி பாக்கியம் அக்கா டிக்கெட் கிழிப்பார்; கிழித்த கையோடு வாழைப்பழமும் பொரிப்பார். ஒரு குடை ராட்டினம், இரண்டு ஊஞ்சல், அப்புறம் பாம்பு ரயில். ஊர் ஊராகப் பொருட்காட்சி போடுகிறவர்கள் கைகழுவிய ரோலர் கோஸ்டர் ஒன்றை லோரியில் ஏற்றி வந்து அங்கே பூட்டியிருந்தார்கள். நாலு சின்னப் பெட்டிகள். முதல் பெட்டியின் மூக்கில் படமெடுத்த பாம்பு. சாயம் உரிந்து, கொட்டாவி விடும் நாய் போலிருக்கும். ஒரு சங்கிலி வண்டியை உச்சிக்கு இழுத்துப்போய் விட்டுவிடும். அதற்குப் பிறகு விசை கிடையாது. இறங்கிய வேகத்திலேயே அடுத்த மேட்டில் ஏறி, வளைந்து, புறப்பட்ட இடத்துக்கு வந்துவிட வேண்டும்.

எழுபதுகளில் நான் சின்னக் கிராணியாக இருந்தபோது ஞாயிறு தவறாமல் அதில் ஏறினேன். முன் இருக்கைக்கு அடிதடி நடக்கும். பிறகு மாற்றலாகிக் கீழே ரப்பர் தோட்டத்துக்குப் போனேன். எந்த ஊரில் ரோலர் கோஸ்டர் போட்டாலும் போய் ஏறி, "எங்க பாம்பு ரயில் மாதிரி வராதுலா" என்று சொல்லிவிட்டு இறங்குவேன். ஞாயிற்றுக்கிழமைப் பாம்பு ரயிலைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை.

என் தங்கை வசந்தாவின் நிச்சயதார்த்தம் ஒரு புதன்கிழமை வந்தது. அதற்காக மலைமேல் இருந்த அப்பா வீட்டுக்கு வந்திருந்தேன்.

அது எண்பதுகளின் தொடக்கம். அவளுக்கு ஏற்கெனவே இரண்டு வரன் தட்டிப் போயிருந்தது. பெண்ணில் குறை இல்லை; சாலையில்தான் குறை. அடிவாரத்துத் தாப்பாவிலிருந்து மலை ஏறும் வளைவுகளில் மாப்பிள்ளை வீட்டார் வாந்தி எடுத்து, பெண்ணைப் பார்க்கும் முன்பே சம்பந்தத்தை வெறுத்துவிட்டார்கள். மூன்றாவது வரனும் கீழேதான், பீடோரிலிருந்து. மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை. தாய்மாமன்தான் எல்லாம். அவர் கை நீட்டித் தாம்பூலத் தட்டை வாங்கினால்தான் நிச்சயம். அன்று நண்பகலில் ராகு காலம் பிறக்கும். அதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும். தவறினால் மறுபடி இந்த மலை ஏற அவர் வரமாட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

வேன் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது. பசியாறிய பிறகும் பொழுது மிச்சமிருந்தது. அப்பா என்னை அடுப்படிப் பக்கம் இழுத்தார்.

"மாமாவ கொஞ்ச நேரம் வெளிய சுத்திக் காட்டு. வாய மட்டும் மூடிக்கிட்டு இரு."

முதல் பாதியைச் செய்தேன்.

தாய்மாமன் ஒல்லியான மனிதர். பட்டுச் சட்டை, வெள்ளை வேட்டி, தோளில் மடிப்புக் கலையாத துண்டு. (நானும் அப்போது ஒல்லி. இதை நம்பும் ஆட்கள் இப்போது இல்லை.)

"இங்க பாக்குறதுக்கு என்ன தம்பி இருக்கு?"

"தேயிலை, மாமா."

"அதான் வர்ற வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கிட்டே பாத்தேனே. வேற?"

அதோடு விட்டிருக்கலாம். பூங்காவுக்கு அழைத்துப் போனேன்.

பனி இறங்கியிருந்தது. வேலை நாள் காலை, ஒரு ஆள் இல்லை. வேலு அண்ணன் என்னைக் கண்டதும் வாயெல்லாம் பல்.

"அடடே, கிராணி தம்பி! எத்தன வருசம் ஆச்சு!"

சம்பந்தி என்று அறிமுகம் செய்தேன். வேலு அண்ணன் சாக்கை எடுத்து இருக்கைகளைத் துடைத்தார். பாக்கியம் அக்கா அடுப்பைத் தணித்து, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, முன் இருக்கையில் உட்கார்ந்தார். அக்கா நல்ல தாட்டியானவர். அந்தப் பெட்டியில் அவருக்குப் பக்கத்தில் துண்டு போடக்கூட இடமில்லை.

எனக்குச் சுருக்கென்றது. சம்பந்தி பின்னால், டிக்கெட் கிழிக்கிறவர் முன்னாலா? இது எந்த ஊர் முறை?

"அண்ணே, முன்னால மாமா உக்காரணும். அதுதானே மரியாதை."

"அவ எப்பவும் உக்காருவா தம்பி. ஆளு கம்மியா இருந்தா..."

"ஏன்?"

வேலு அண்ணன் வானத்தைப் பார்த்தார். "பனியா இருக்குல்ல."

பனிக்கும் அக்காவுக்கும் என்ன சம்பந்தம் என்று புரியவில்லை. அக்கா இறங்கிக்கொண்டார். வேலு அண்ணன் தலையைச் சொறிந்தார்.

"அப்ப பின்னால ரெண்டு மூட்ட கோஸ் ஏத்திக்கவா?"

"சம்பந்தியும் கோஸும் ஒரே வண்டியிலயா? என்னண்ணே பேசுறீங்க!"

அவர் போய் சுவிட்சைப் போட்டார். சங்கிலி கடகடத்தது. நானும் மாமாவும் முன் இருக்கையில், பின்னால் மூன்று காலிப் பெட்டிகளோடு உச்சிக்குப் போனோம். கீழே பனிக்குள் மங்கலாகத் தெரிந்த தோட்டம், தொழிற்சாலை, எங்கள் வீட்டுத் தகரக்கூரை ஒவ்வொன்றையும் விளக்கினேன். மாமா கண்ணை மூடி முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வண்டி பாய்ந்தது. பள்ளத்தில் இறங்கி, இரண்டாவது மேட்டில் முக்கால்வாசி ஏறி, நின்று, யோசித்து, பின்னுக்கு வந்தது. இந்தப் பக்க மேட்டில் கொஞ்சம் ஏறியது. மறுபடி முன்னே. தொட்டில் போல ஆடி ஆடி, இரண்டு மேட்டுக்கும் நடுவில் அசையாமல் நின்றது. காலுக்குக் கீழே, ஒரு வீட்டுக் கூரை உயரத்துக்குக் கீழே, கோஸ் தோட்டம்.

"முடிஞ்சுதா தம்பி?" மாமா கண்ணைத் திறக்கவில்லை.

"கொஞ்ச நேரம் நின்னுதான் போகும் மாமா." (என் வாழ்க்கையில் இதைவிட அதிகாரமாக நான் பொய் சொன்னதில்லை.)

வேலு அண்ணன் ஏணி கொண்டுவந்து சார்த்தினார். மாமா ஒரு கண்ணால் கீழே பார்த்தார். கைப்பிடிக் கம்பியை இறுக்கினார்.

"நான் எறங்க மாட்டேன். வேட்டியோட ஏணியில காலு வைக்க மாட்டேன். தலை சுத்துது."

கயிறு கட்டி இழுக்க லோரி வேண்டும். லோரி கோஸ் ஏற்றிக்கொண்டு தாப்பா போயிருந்தது. மதியம்தான் வரும். மூத்த மகன் மோட்டார் சைக்கிளில் எங்கள் வீட்டுக்குப் பறந்தான்.

சிறிது நேரத்தில் வேன் வந்து நின்றது. அப்பா, அம்மா, மாப்பிள்ளை, பட்டுச்சேலையில் வசந்தா எல்லோரும் கோஸ் பாத்திகளுக்கு நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள்.

"டேய்! அவர எங்கடா ஏத்தி வச்சிருக்க?" என்றார் அப்பா.

வசந்தா அழுவாள் என்று நினைத்தேன். அவள் தட்டைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள்.

"அண்ணே, நேரம் போகுது. மாமா எறங்கலன்னா தட்டு ஏறட்டும். முறையில இடம் இருக்கா?"

மாமாவைப் பார்த்தேன். அவர் வேட்டியைச் சரிசெய்தார். "பொண்ணுக்குப் புத்தி இருக்கு" என்றார். 'உனக்கு இல்லை' என்பதை என் கௌரவத்துக்காக விட்டுவிட்டார்.

வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பழம், தேங்காய், மாப்பிள்ளை வேட்டியோடு வேலு அண்ணன் ஏணியில் ஏறித் தட்டைக் கொடுத்தார். தேங்காய் மட்டும் வழியில் உருண்டது. மாப்பிள்ளை அதைப் பிடித்துவிட்டார். பெண் வீட்டு ஆளாக நான் தட்டை ஏந்தினேன். அப்போதுதான் கவனித்தேன்: வண்டி மேற்கே பார்த்து நின்றது.

"மாமா, வாங்குறவங்க கெழக்கு பாக்கணும்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. ஆனால் அவரும் முறை தெரிந்தவர். இருக்கையில் மண்டியிட்டுப் பின்பக்கம் திரும்பி, காலிப் பெட்டிகளைப் பார்த்தபடி கை நீட்டி வாங்கினார். கீழே யாரோ குலவை போட்டார்கள். பாக்கியம் அக்காதான்.

தெம்பு வந்த மாமா அக்காவைக் கேட்டார்: "ஏம்மா, வண்டி ஏன் நின்னுச்சு?"

வேலு அண்ணன் மறுபடி வானத்தைப் பார்த்தார். அக்கா சத்தமாகச் சொன்னார்:

"பனியில கிரீஸு கட்டிக்கும்யா. வண்டியில கனம் இருந்தாத்தான் மேடு தாண்டும். அதுக்குத்தான் நான் முன்னால உக்காருறது. நான் ஏறல, நின்னுச்சு. இத ஊரு முன்னால சொல்ல இவருக்கு வெக்கம். எனக்கு என்ன வெக்கம்?"

லோரி நாங்கள் எதிர்பார்த்ததை விடச் சீக்கிரமே வந்தது. கயிறும் கட்டியாயிற்று. மாமா கையை உயர்த்தினார்.

"நிறுத்துங்க. ராகு காலம் பொறந்திருச்சு. வண்டிய எடுக்கக் கூடாது."

நான் வாயைத் திறக்கவில்லை. முறை அதுதான். ராகு காலம் முடியும்வரை இருவரும் அங்கேயே இருந்தோம். நிச்சயதார்த்தச் சாப்பாடு வாளியில் மேலே வந்தது. பாயசம் பாதி கோஸுக்குப் போனது.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. அன்றிலிருந்து எங்கள் இரு குடும்பத்திலும் எந்த வேன் புறப்பட்டாலும் யாராவது ஒருவர், "கோஸ் ஏத்தியாச்சா?" என்று கேட்காமல் விடுவதில்லை.

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு உடம்பு போட்டுவிட்டது. வசந்தாவின் பேரப்பிள்ளைகள் ரோலர் கோஸ்டருக்கு அழைத்துப்போனால், வரிசையில் நிற்கும்போதே என் கையைப் பிடித்து முன் இருக்கைக்குத்தான் கொண்டுபோகிறார்கள். மரியாதை தெரிந்த பிள்ளைகள் என்று வெகுநாள் பெருமைப்பட்டேன். போன தடவை ஏன் என்று கேட்டேன்.

அத்தனை பேரும் வானத்தைப் பார்த்தார்கள்.