கவிட்டண்ணையும் யுரேனியத் தட்டுகளும்

சுவிஸ் நாட்டில் கால் வைத்த தமிழர்களிலேயே, சாப்பாடு இருக்கும்போதே தட்டைக் கவிட்டு அதன் அடியைப் படித்தவர் அவர் ஒருவர்தான். அவருடைய சொந்தப் பெயரை விசா அலுவலகம் மட்டும்தான் பாவித்தது. டாவோஸில் பாத்திரம் கழுவிய எங்கள் எல்லோருக்கும் அவர் கவிட்டண்ணை.

எண்பதுகளின் நடுப்பகுதி. ஒரு பெரிய ஹோட்டலின் சமையலறையில் நாங்கள் நான்கு பேர் வேலை செய்து, கூரையடி அறையொன்றில் படுத்தோம். ஜன்னலோரக் கட்டில் அண்ணைக்கு. அண்ணை யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட ஆய்வுகூட உதவியாளராக இருந்தவர். மனைவியும் மகளும் ஊரில்.

மூன்றாம் மாடியில் நிரந்தரமாகத் தங்கியிருந்த அமெரிக்க அம்மா ஒருவர், தான் கொண்டுவந்த நிறத் தட்டுகளில்தான் சாப்பிடுவார். ஒருநாள் விளிம்பு உடைந்த சிவப்புத் தட்டொன்று குப்பைக்கு வந்தது. அண்ணை அதைத் தூக்கிக்கொண்டு, சமையற்காரர் கத்தக் கத்த மாடியேறினார். இரண்டு மணித்தியாலம் கழித்து, அந்தத் தட்டுகளைப் பற்றிய ஒரு புத்தகத்தோடு இறங்கி வந்தார்.

"டேய், இந்தச் சிவப்புக்குள்ள என்ன கலந்திருக்குத் தெரியுமோ? யுரேனியம்!"

"ஐயோ அண்ணை, ஒரு வருசமா வெறுங்கையால கழுவினனாங்கள்!"

"கழுவினதால சாகமாட்டாய். நான் சொல்லுறதைக் கேக்காட்டித்தான் சாவாய்."

கேட்டோம். வேறு வழி? அமெரிக்காவில் சனம் வேலையில்லாமல் வாடிய முப்பதுகளில், ஒஹாயோ ஆற்றங்கரையில் இந்த மலிவுத் தட்டுகள் பிறந்த கதை. யுத்தம் வந்ததும் குண்டு செய்வதற்கென்று அரசாங்கம் யுரேனியத்தை எடுத்துக்கொள்ள, சிவப்பு நின்றுபோன கதை. உருளைக்கிழங்கு உரித்தபடியே இவ்வளவையும் மனப்பாடம் செய்தோம்.

லீவு நாட்களில் கூர், வில் என்ற ஊர்களுக்குப் போய், அந்தத் தட்டுகளைத் தேடிப் பழைய சாமான் கடைகளைக் கிண்டுவார். ஒருமுறை கூர் ஸ்டேஷனில் பொலிஸ்காரர் எங்களை மறித்தார். பையைத் திறந்தால், பனியனில் சுற்றிய நான்கு தட்டுகள்.

"இது என்ன?"

அண்ணைக்குத் தெரிந்த ஜெர்மன் கொஞ்சம்தான். பெருமையோடு சொன்னார்: "அமெரிக்கா. யுத்தம். யுரேனியம்."

மூன்று மணித்தியாலம் பொலிஸ் நிலையத்தில் இருந்தோம். தட்டுகளை மேசையில் வைத்துவிட்டு, பொலிஸ்காரர் எல்லோரும் சுவரோரமாக நின்றார்கள்.

அப்படிச் சிரித்துக்கொண்டிருந்த வருடத்தில்தான் ஊரில் ஷெல்லடி கடுமையாகியது. வீட்டுக் கடிதங்கள் நின்றன. பிறகு அயலவர் ஒருவரின் கடிதம் வந்தது. மனைவி செத்து ஐந்து வாரமாகியிருந்தது. மகள் அகதிகள் தங்கிய பள்ளிக்கூடம் ஒன்றில் நிற்பதாக ஆரோ கண்டார்களாம். எந்தப் பள்ளிக்கூடம் என்று எழுதவில்லை.

அண்ணை அன்றும் வேலைக்கு வந்தார். மறுநாள் போய்த் தன் அகதி விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

"போனா திரும்பி வரேலாது அண்ணை. வழியில பிடிச்சாங்களெண்டா?"

"பிடிக்கட்டும்."

"அண்ணை, கொஞ்சம் யோசியுங்கோ."

"பிள்ளைக்கு ஒன்பது வயசடா. தாய் செத்ததை அதுக்கு ஆர் சொன்னதெண்டே எனக்குத் தெரியாது."



தட்டுகள் ஒவ்வொன்றிலும் நிறத்தையும் வருடத்தையும் எழுதி ஒட்டி, எல்லாவற்றையும் அமெரிக்க அம்மாவிடம் ஒப்படைத்தார். நுரையீரல் நோயால் நாலு படி இறங்கவே மூச்சு வாங்கும் அந்த மனிசி, பனிக்குள் ஸ்டேஷன்வரை வந்தார். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ரயில் வந்தது.

இரண்டு மாதத்தில் அண்ணையின் கடிதம் வந்தது. மகளைக் கண்டுபிடித்துவிட்டார். 'முதலில் என்னை அடையாளம் தெரியவில்லை. இப்போது பக்கத்தில் படுத்திருக்கிறாள்' என்று எழுதியிருந்தார். நாங்கள் அதை மாறி மாறி வாசித்தோம்.

அடுத்த செய்தி மற்றவர்கள் வாயால்தான் வந்தது. மகளை அவளுடைய சித்தியிடம் விட்டுவிட்டுத் திரும்பும்போது, சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் அவரை பஸ்ஸிலிருந்து இறக்கியிருக்கிறார்கள். அதன் பின் அவரைக் கண்டவர் இல்லை.

வசந்தத்தில் ஹோட்டல் புதிதாக ஒருவரை எங்கள் அறைக்கு அனுப்பியது. ஜன்னலோரக் கட்டிலில் அவர் பையை வைக்கப் போனார். நான் எழும்பி என் கட்டிலைக் கொடுத்துவிட்டு, நிலத்தில் பாயை விரித்தேன்.

"அது சும்மாதானே கிடக்கு?" என்றார்.

"இல்லை. அதுக்கு ஆள் இருக்கு."