கடைசியாகத் தொட்டது யார்?

வாசகரே, உலகத்தில் ஒரு வகை மனிதர் இருக்கிறார். அவரைக் கண்டுபிடிக்க நீங்கள் அதிகம் சிரமப்பட வேண்டியதில்லை. அவர் முன்னால் ஏதாவது ஒன்று பழுதானால் போதும். குழாய் ஒழுகட்டும், மின்விசிறி நிற்கட்டும், கதவின் தாழ்ப்பாள் கையோடு வரட்டும். நீங்களும் நானும் குனிந்து பார்ப்போம். அவர் குனிய மாட்டார். இடுப்பில் கைவைத்து நிமிர்ந்து நின்று, சுற்றியிருக்கும் முகங்களை ஒவ்வொன்றாக அளந்து, நிதானமாக ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "இத கடைசியா தொட்டது யாரு?"

குழாய் ஒழுகிக்கொண்டே இருக்கும்.

அப்படிப்பட்ட ஒருவர் ஒரு படகுத்துறையில் பயணிகள் படகு ஒன்றுக்கு முதலாளி. இக்கரையில் அறுபது பேரை ஏற்றி அக்கரையில் இறக்கும் படகு. துறையில் அவருக்கு ஜட்ஜய்யா என்று பெயர். அவர் காதுபட யாரும் அப்படிச் சொன்னதில்லை; சொன்னால், முதலில் சொன்னது யார் என்று அதற்கும் ஒரு விசாரணை நடக்கும். வீட்டில் கண்ணாடித் தம்ளர் உடைந்தால், சில்லு யார் காலிலாவது ஏறியதா என்று பார்ப்பதற்கு முன்பே மனைவி, மகள்கள் இருவர், பக்கத்து வீட்டிலிருந்து சும்மா பேச வந்த அம்மாள் ஆகிய நால்வரையும் வரிசையில் நிறுத்தி வாக்குமூலம் வாங்குகிறவர். அவருடைய சித்தப்பா தொண்ணூற்றொரு வயதில் தூக்கத்திலேயே போனபோது, அழுதுகொண்டிருந்த கூட்டத்தின் நடுவில் நின்று, கடைசியாக மருந்து கொடுத்தது யார் என்று கேட்டார். தொண்ணூற்றொரு வயது ஒரு காரணமாக அவருக்குப் படவில்லை. வயதைக் கூப்பிட்டு நிறுத்தித் திட்ட முடியாதே.

முன்கோபக்காரர், மனசு நல்லது என்று சமாதானம் சொல்லாதீர்கள். இது முன்கோபமல்ல, மிகப் பழைய அறியாமை. கிருமி என்று ஒன்று இருப்பது தெரியாத காலத்தில், கொள்ளைநோய் வந்த ஊர்க்காரர்கள் சாக்கடையைப் பார்க்கவில்லை. ஊருக்கு வெளியே தனியாகக் குடியிருந்த ஏழைப் பெண்ணைப் பார்த்தார்கள். அவளைக் கொளுத்தினார்கள். நோய் நிற்கவில்லை. அடுத்த ஏழையைத் தேடினார்கள். கிணற்றுத் தண்ணீரைச் சோதிப்பதைவிட மனிதரைச் சோதிப்பது சுலபமாக இருந்தது. ஜட்ஜய்யா அந்தக் கூட்டத்தின் நேர் வாரிசு. கையில் தீப்பந்தம் இல்லை, சாவிக்கொத்து இருக்கிறது, அவ்வளவுதான் நாகரிகம்.

சரி, இந்தக் கேள்விக்குக் கீழே வேலை பார்க்கிறவர்கள் என்ன ஆவார்கள்? எதையும் தொடாதவர்கள் ஆவார்கள்.

படகின் என்ஜினைப் பார்த்துக்கொண்டவர் ஜட்ஜய்யாவின் தங்கை புருஷன். அவர் துறையில் எல்லோருக்குமே மாப்பிள்ளை. என்ஜின் இருமினால் எதற்காக இருமுகிறது என்று காதை வைத்தே சொல்லிவிடும் கெட்டிக்காரர். அப்படிப்பட்டவர், பன்னிரண்டு வருஷத்தில், தளர்ந்த திருகாணியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பழகியிருந்தார். முறுக்கிவிட்டால் அவர் தொட்டவர் ஆகிவிடுவார். பிறகு அந்தப் பக்கத்தில் எது கழன்றாலும், எப்போது கழன்றாலும், பதில் சொல்ல வேண்டியவர் அவர்.

படகின் அடியில் கசிந்து சேரும் தண்ணீரை வெளியே தள்ள ஒரு பம்பு உண்டு. பழைய பம்பு சிறியது. மழைக்கு முன்னால், அதைப்போல மூன்று மடங்கு தண்ணீர் தள்ளும் பெரிய பம்பு ஒன்றை ஜட்ஜய்யா வாங்கிவந்தார். பொருத்தியவர் மீட்டர் அக்கா. ஐம்பது வயது, மின்சாரம் அளக்கும் மீட்டர் ஒன்று எப்போதும் கழுத்தில் தொங்கும். துறையில் நிற்கும் பதினான்கு படகுகளுக்கும் ஒயர் வேலை அவர்தான். வேறு பிழைப்பு அவருக்குத் தெரியாது, தேவைப்பட்டதும் இல்லை. பெரிய பம்பு அதிக மின்சாரம் இழுக்குமே என்று அவர் ஒயரின் இரண்டு முனைகளையும் பார்த்தார். தடிமனாகத்தான் இருந்தது. நடுப்பகுதி டீசல் டேங்குக்குப் பின்னால் ஓடியது, கண்ணுக்குத் தெரியாது. ஓடவிட்டு அளக்கலாம் என்றார். கரையில் ஆள் ஏறிக்கொண்டிருந்தது. ஜட்ஜய்யா அளக்கவிடவில்லை.

நான்காம் நாள் காலை, நடு ஆற்றில், பயணிகள் காலைத் தூக்கிப் பலகைமேல் வைத்துக்கொண்டார்கள். பம்பு ஓடியது, ஓடியது என்றால் முனகியது. குழாயிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாகப் போயிற்று. எப்படியோ கரை சேர்ந்து, ஆட்களை இறக்கிவிட்டு, படகைக் கட்டினார்கள்.

நீங்களாக இருந்தால் முதலில் வாளியைத் தேடுவீர்கள். ஜட்ஜய்யா நாற்காலியைத் தேடினார். மேல்தளத்தில் அதைப் போட்டு உட்கார்ந்து, கயிறு கட்டுகிறவரையும் மாப்பிள்ளையையும் எதிரே நிறுத்தி, மீட்டர் அக்காவுக்கு ஆளனுப்பினார். அவர் வந்து சேர்வதற்குள் பக்கத்துப் படகுகளின் முதலாளிகள் இருவரிடம், புதுப் பம்பை அந்தப் பெண் கெடுத்துவிட்டாள் என்று சொல்லியாயிற்று. அவர்களில் ஒருவர், வழியிலேயே அக்காவை மறித்து, நாளைக்கு வர வேண்டாம் என்று சொல்லியும்விட்டார். காலடியில் தண்ணீர் ஏறுகிற வேகம் அதைவிடக் கம்மி.

மீட்டர் அக்கா வந்ததும் இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்று, பம்பைக் கழற்றி மேலே கொண்டுவந்தார். தண்ணீர் நிறைந்த வாளியில் அதை இறக்கி, பாட்டரியிலிருந்து நேராக இணைப்புக் கொடுத்தார். வாளி ஒரே மூச்சில் காலியானது. பாதி, ஜட்ஜய்யாவின் வேட்டியில். பம்புக்கு ஒரு நோயும் இல்லை. அதைத் திரும்பப் பழைய இடத்தில் வைத்து ஓடவிட்டு, பாட்டரியில் அளந்தார்: பன்னிரண்டரை வோல்ட். பம்புக்கு வந்து சேரும் இடத்தில் அளந்தார்: எட்டு.

"நடுவுல எங்கயோ நாலரை வோல்ட் தொலையுதுய்யா."

"தொலைச்சது யாரு?"

"யாருன்னு மீட்டர் காட்டாது. எங்கன்னு தேடத்தான் அது உதவும்."

இதைக் கேட்ட எவருக்கும் அடுத்த வேலை என்னவென்று புரிந்திருக்கும். ஜட்ஜய்யாவுக்கு ஒன்று மட்டும் புரிந்தது: இவள் எதிர்த்துப் பேசுகிறாள். அன்றைக்கே அளக்காமல் விட்டது ஏன் என்று மடக்கினார். அளக்கவிடாதது நீங்கள்தான் என்று அக்கா சொல்லியிருக்கலாம். நேர்மையானவர்களிடம் உள்ள கெட்ட பழக்கம், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிடுவார்கள்.

"அளக்காம நான் போயிருக்கக் கூடாது. அது என் தப்புதான்."

ஜட்ஜய்யாவின் முகத்தில் வந்த வெளிச்சத்தை அந்தப் பாட்டரியால் தந்திருக்க முடியாது. ஒத்துக்கொண்டாள், எல்லோரும் கேட்டீர்களா, ஒத்துக்கொண்டாள் என்று கரைப்பக்கம் திரும்பிச் சொன்னார். இனி இந்தத் துறையில் எந்தப் படகிலும் அவள் கைவைக்கக் கூடாது என்றும், மற்ற முதலாளிகளிடம் தானே போய்ப் பேசுவதாகவும் சொன்னார். ஒரு மனுஷி ஒரு தவறில் தன் பங்கை எடுத்து நீட்டினால், மிச்சத்தையும் சேர்த்து அவள் தலையில் கட்டுவதற்கு இவரைப் போன்றவர்கள் ஒரு நொடிகூடத் தாமதிப்பதில்லை. பிறகு, ஊரில் யாரும் உண்மை பேசுவதில்லை என்று வருத்தப்படுவார்கள்.

மாப்பிள்ளை பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார். டேங்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அந்தப் படகில் தெரிந்த ஒரே ஆள் அவர். மூன்று வருஷத்துக்கு முன்னால், நடு ஆற்றில், எலி கடித்து அந்த ஒயர் அறுந்துபோனது. படகு நிறைய ஆள். பழைய விளக்கிலிருந்து ஒல்லியான ஒயர்த் துண்டு ஒன்றை உருவி, இரண்டு பக்கமும் முறுக்கி, டேப் சுற்றிப் பத்தே நிமிஷத்தில் பம்பை ஓடவைத்தவர் அவர். சின்னப் பம்புக்கு அது தாங்கியது. வேறு எவராக இருந்தாலும் கரைக்கு வந்ததும் பெருமையாகச் சொல்லியிருப்பார். இவர் பெண்டாட்டியிடம் மட்டும் சொன்னார்.

அவள் அண்ணனோடு வளர்ந்தவள். "எங்க அண்ணன்கிட்ட மூச்சு விடாதீங்க," என்றாள். "படகு பொழச்சது அவர் காதுல ஏறாது. நீங்க தொட்டது மட்டும்தான் ஏறும்."

இந்த நான்கு நாளாக டேங்குப் பக்கம் ரப்பர் கருகும் வாடை வந்தது மாப்பிள்ளைக்குத் தெரியும். முகர்ந்தார். ஆற்றைப் பார்த்தார். இப்போது எதிரே ஒரு பெண்மணி மீட்டரின் ஒயரைச் சுருட்டி, அதைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பையின் ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது. அதை அவர் இரண்டாம் முறை இழுத்தபோது மாப்பிள்ளைக்குத் தாங்கவில்லை.

"மச்சான், டேங்குக்குப் பின்னால ஒயர்ல ஒரு முறுக்கு இருக்கு. நான் போட்டது. மூணு வருஷம் ஆச்சு."

அதற்குப் பிறகு அந்தப் படகில் இரண்டு வேலைகள் நடந்தன. மீட்டர் அக்கா பையைத் திறந்து, டேங்குக்குப் பின்னால் படுத்து நுழைந்து, உருகிப் போன டேப்போடு அந்தத் துண்டை வெட்டி எறிந்து, பாட்டரியிலிருந்து பம்புவரை புதிதாகத் தடித்த ஒயர் ஒன்றை இழுத்தார். ஜட்ஜய்யா எழுந்து போய் அதைப் பார்த்தாரா? அவருக்கு எங்கே நேரம்? என்றைக்குப் போட்டது, என்ன கிழமை, டேப் யாருடையது, அப்போது கூட நின்றது யார் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். மரியாதை மட்டும் குறையவில்லை.

"நீங்களா மாப்பிள்ள? நீங்களே இப்படிப் பண்ணலாமா?"

அரை மணி நேரத்தில் பம்பு உறுமியது. கை தடிமனுக்குத் தண்ணீர் வெளியே பாய்ந்தது. கரையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். ஜட்ஜய்யா எரிச்சலோடு திரும்பி, இங்கே பேசிக்கொண்டிருப்பது தெரியவில்லையா என்று அவர்களை அடக்கினார்.

தீர்ப்பு: மாப்பிள்ளை இனி என்ஜின் பக்கம் போகக் கூடாது, கரையில் உட்கார்ந்து டிக்கெட் கிழிக்கட்டும். மீட்டர் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டாரா என்று கேட்காதீர்கள், எனக்குச் சிரிப்பு வந்துவிடும். சாயங்காலம் அதே முதலாளிகளிடம் போய், அதே உற்சாகத்தோடு, தன் தங்கை புருஷனே செய்த துரோகத்தைச் சொன்னார். அக்காவுக்கு வேலை திரும்பி வந்தது, இன்னொருவர் மாட்டிக்கொண்ட புண்ணியத்தில்.

கிளம்பும்போது அக்கா டிக்கெட் மேசையருகே நின்றார். "முறுக்கு நல்லாத்தான் போட்டிருந்தீங்க தம்பி. நடு ஆத்துல அவ்ளோதான் முடியும். மறுநாள் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?"

"சொல்ற மாதிரி படகாக்கா இது?" என்றார் மாப்பிள்ளை.

புது என்ஜின்காரர் வந்தார். நல்ல வேலைக்காரர், அதைவிட நல்ல புத்திசாலி. மாப்பிள்ளை கதையை முதல் நாளே விசாரித்துத் தெரிந்துகொண்டார். இப்போது படகைத் திருப்பும் சுக்கானின் சங்கிலியில் ஓர் ஆணி பாதி வெளியே வந்து நிற்கிறது. புதியவர் அதைப் பார்த்தார். கயிறு கட்டுகிறவர் அதற்கு முன்பே பார்த்தார். ஒருவர் பார்த்ததை மற்றவரும் பார்த்துவிட்டு, இருவரும் வேறு பக்கம் பார்க்கிறார்கள். அறுபது பேர் தினமும் அக்கரைக்குப் போய் வருகிறார்கள்.

எந்தத் துறை, யார் அந்த ஜட்ஜய்யா, பெயரைச் சொல்லக் கூடாதா என்று கேட்கத்தானே வாயெடுத்தீர்கள்? ஆணி கழன்று நிற்கிறது என்கிறேன். உங்களுக்கும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியிருப்பது ஆளைத்தான்.