இளவரசியைத் திருப்பி அழைக்கும் பட்டன்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். அங்கே நீங்களும் பாப்பாவும் சௌக்கியம் என்பதைத் தினம் சாயங்காலம் போனில் முகம் பார்த்தே தெரிந்துகொள்கிறேன். ஆனாலும் கடிதம் என்று எழுத உட்கார்ந்தால் நலம் விசாரிக்காமல் தொடங்குவது மரியாதை இல்லை என்பதால், விசாரித்ததாகவே எடுத்துக்கொள்ளவும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனை நீங்கள் எடுத்தாலும் இரண்டாவது வார்த்தைக்குள் பாப்பா பிடுங்கிக்கொள்கிறாள். இந்தப் பக்கம் உங்கள் அத்தை என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு நிற்கிறாள். விஷயமோ ராஜாங்க ரகசியம். ஆகவேதான் உங்கள் ஆபீஸ் விலாசத்துக்கு எழுதுகிறேன். படித்ததும் கிழித்துவிடவும். பாப்பாவிடம் மூச்சு விடக் கூடாது.

என் ஒரே மகள் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு நீங்கள் வெளிநாடு கிளம்பிய அன்று, பெட்டிகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது, நான் வாசலுக்கும் கூடத்துக்குமாகக் குட்டி போட்ட பூனை மாதிரி அலைவதைப் பார்த்து, பாப்பாவின் பழைய கம்ப்யூட்டர் முன்னால் என்னை உட்கார வைத்து இந்த விளையாட்டைப் போட்டுக் கொடுத்தீர்களே, நினைவிருக்கிறதா? உலக வரைபடம் முழுக்க ராஜ்ஜியங்கள். பெரிய நாடாகப் பார்த்துக் கொடுங்கள் என்றேன். "பெரிய நாடு எடுத்தா சும்மா ஜெயிச்சுக்கிட்டே இருப்பீங்க மாமா, ரெண்டே நாள்ல போரடிச்சுடும். சின்ன நாடுன்னாதான் பொழுது போகும்" என்று சொல்லி, கடலோரமாக நகம் அளவுக்கு ஒரு மஞ்சள் நாட்டை என் தலையில் கட்டினீர்கள். அதன் பெயரை எழுதக்கூட உள்ளே இடமில்லாமல் கடலில் எழுதியிருந்தார்கள். ஒரு கோட்டை, ஒரு துறைமுகம், மூவாயிரம் சிப்பாய். சுற்றிலும் மலை மாதிரி ஒரு சிவப்பு சாம்ராஜ்ஜியம். உங்கள் வாக்கு பலித்தது, மாப்பிள்ளை. பொழுது நன்றாகவே போகிறது. உயிரும் கூடவே போகிறது.

ஆலையில் உதிரிபாக ஸ்டோரை இத்தனை வருஷம் கட்டி மேய்த்தவன் நான். என் நாட்டில் ஒரு குதிரைக்குக் கால் வலித்தாலும் எனக்குத் தெரியும். ஒன்று மட்டும் தெரியாமல் போனது: கீபோர்டின் அடியில் இருக்கும் அந்த நீளக் கட்டையைத் தட்டினால் நின்றிருக்கும் காலம் ஓடத் தொடங்கிவிடும் என்பது உங்கள் அத்தைக்குத் தெரியாது. ஒரு நாள் காலத்தை நிறுத்திவிட்டுக் குளிக்கப் போனேன். இவள் தூசி தட்டுகிறேன் பேர்வழி என்று ஈரத்துணியை வைத்து அழுத்தித் துடைத்திருக்கிறாள். இடுப்பில் துண்டோடு வந்து பாக்கறேன், நாட்டுல பத்து வருஷம் ஓடிப்போச்சு! மந்திரி செத்துட்டான், துறைமுகம் பாசி புடிச்சுக் கெடக்கு, எனக்கு தாடி நரைச்சுப்போச்சு. அதெல்லாம்கூடப் போகட்டும். குளிக்கப் போறப்ப இடுப்பு உசரம் இருந்த இளவரசி, கல்யாண வயசுல நிக்கறா. "என்ன பண்ணித் தொலைச்சே?"ன்னு கத்தினேன். "நான் ஒண்ணும் பண்ணல, பொண்ணுங்க அப்படித்தான் வளரும், நீங்க எப்பவும் குளிக்கத்தான் போயிருப்பீங்க"ன்னு சொல்லிட்டு துணியப் பிழியப் போயிட்டா. சுருக்குனு இருந்துச்சு மாப்பிள்ளை. பாப்பாவும் அப்படித்தான் வளந்தா. நான் ஸ்டோர்ல இருந்தேன்.

அன்னிலேர்ந்து வரன் மேல வரன். சின்ன நாடுன்னா பெரிய இடத்துல பொண்ணைக் குடுத்துத்தான் பொழைக்கணுமாம், அப்பதான் சண்டைன்னா துணைக்கு வருவாங்களாம். புது மந்திரி மாசாமாசம் திரையில ஒரு பெட்டி விரிச்சுக் கேப்பான்: சம்மதமா, இல்லையா? இல்லைன்னே அமுக்கினேன். பச்சைக்காரன் கேட்டான், இல்லை. நீலக்காரன் ரெண்டு தடவை கேட்டான், ரெண்டு தடவையும் இல்லை. இப்படியே சம்பந்தி யாரும் இல்லாம நான் தனியா நின்னதப் பாத்து சிவப்புக்காரன் என் உப்பளத்தப் புடுங்கினான், அப்புறம் ரெண்டு தீவு. உங்க அத்தை பின்னாடி நின்னு பாத்துட்டே இருந்தவ, "ஊர் உலகத்துல எல்லாரும்தான் பொண்ணைக் கட்டிக்குடுக்கறாங்க, நீங்க மட்டும் என்னத்துக்குப் பூட்டி வெச்சிருக்கீங்க? இருக்கற ஒரு கோட்டையையும் தொலைச்சுட்டு அவளையும் சேத்து நடுத்தெருவுல நிறுத்தவா?"ன்னா. யோசிச்சுப் பாத்தேன். சரின்னு கண்ண மூடிக்கிட்டு, அந்த சிவப்பு ராஜா பையனுக்கே குடுத்துட்டேன். மணியெல்லாம் அடிச்சுது. நல்லாத்தான் இருந்துச்சு.

மறுநாள் அரண்மனையத் திறந்து பாத்தா, என் படம் இருக்கு, ராணி படம் இருக்கு. இளவரசி இருந்த கட்டம் காலி. எங்கெங்கயோ தேடினேன், மாப்பிள்ளை. கடைசில சிவப்புக்காரன் அரண்மனையில, கூட்டத்தோட கூட்டமா, தபால்தலை அளவுக்கு ஒரு படம். தலையில வேற என்னமோ தொப்பி மாட்டி விட்டிருக்கான். ஆனா அவதான், சிரிப்ப வெச்சுக் கண்டுபுடிச்சேன். அமுக்கினா பேரு வருது, வயசு வருது, அவ்வளவுதான். பாக்கலாம். வேற ஒண்ணும் பண்ண முடியல. என் ஸ்டோர்லேர்ந்து ஒரு ஸ்பேனர் வெளிய போகணும்னாக்கூட, என்னிக்குத் திரும்பி வரும்னு கையெழுத்துப் போட்டுட்டுத்தான் போகும். இத்தனை பெரிய பொண்ணை ஒரு பட்டன அமுக்கி அனுப்பியாச்சு, என்னிக்கு வருவான்னு கேக்க ஒரு இடம் இல்ல. இப்பல்லாம் நான் வரி போடறதில்ல, கோட்டை கட்டறதில்ல. சாயங்காலம் டீயோட உக்காந்து சிவப்புக்காரன் அரண்மனையத் திறந்து வெச்சுக்கறேன், அவ்வளவுதான்.

ஆகவே மாப்பிள்ளை, கேட்க வந்த விஷயம் இதுதான். கட்டிக்கொடுத்த இளவரசியைக் கொஞ்ச நாள் பிறந்த வீட்டுக்கு அழைக்கும் பட்டன் எங்கே இருக்கிறது? படித்தவர், விளையாட்டை எனக்குக் கற்றுக்கொடுத்தவர், உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. அப்படி ஒரு பட்டனே இல்லையென்றால், இருக்கிற மூவாயிரம் பேரோடு படையெடுத்துப் போய் அழைத்து வரலாமா என்பதையும் தெரிவிக்கவும். சிவப்புக்காரன் வேறு, சம்பந்தி ஆன பிறகும், பேசாமல் சரணடைந்துவிடு என்று ஓயாமல் ஓலை அனுப்புகிறான். அது நடக்காது. சின்ன நாடாக இருந்தாலும் ரோஷம் என்று ஒன்று இருக்கிறது.

நீங்களும் பாப்பாவும் போன் பேசும்போதெல்லாம் "கிளம்பி வந்து எங்களோட கொஞ்ச நாள் இருங்க"ன்னு கூப்பிடறீங்க. உங்க அத்தை என்னிக்கோ பெட்டி கட்டி பீரோ மேல ஏத்திட்டா. மாப்பிள்ளை வீட்டுல போய் மாசக்கணக்குல காலை நீட்டிக்கிட்டு உக்காந்து சாப்பிட எனக்கு மனசு வரல, தப்பா எடுத்துக்காதீங்க. தவிர வீட்டை யார் பாத்துப்பா? செடிக்கு யார் தண்ணி ஊத்துவா? எல்லாத்துக்கும் மேல, ஒரு ராஜா நாட்டை விட்டுட்டு வர முடியுமா? நீங்களே சொல்லுங்க. பாப்பாவ நான் நெனச்சு ஏங்கறேன்னெல்லாம் நீங்க எடுத்துக்க வேண்டாம். நான் கேட்டது விளையாட்டுல வர்ற பொண்ணைப் பத்தி மட்டுந்தான்.

உங்கள் உத்தியோகம் மேன்மேலும் உயரட்டும். இருவரும் நோய் நொடி இல்லாமல், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தபடி நெடுங்காலம் வாழ ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
மானத்தோடு ஆளும்
உங்கள் மாமா

பின்குறிப்பு: கவர் ஒட்டப் பசை தேடிக்கிட்டு இருந்தப்ப சிவப்புக்காரன் கோட்டை வாசலுக்கே வந்துட்டான். எதுத்து நிக்கறதா, சரணடையறதான்னு பெட்டி விரிஞ்சுது. உங்க அத்தை கண்ணாடிய மாட்டிக்கிட்டு, "தோத்துட்டா ராஜாவ என்ன பண்ணுவாங்க?"ன்னு கேட்டா. கீழ பொடி எழுத்துல போட்டிருந்தத வாசிச்சேன்: ராஜாவும் குடும்பமும் ஜெயிச்சவன் அரண்மனைக்குப் போய்ச் சேருவாங்களாம். அவ பீரோ மேல இருந்த பெட்டியப் பாத்தா. அமுக்கினது என் விரல்தான் மாப்பிள்ளை, அவள இழுக்கக் கூடாது. மஞ்சள் இருந்த இடம் சிவப்பாச்சு, கடல்ல எழுதியிருந்த பேரும் போச்சு. சிவப்பு அரண்மனையத் திறந்து பாத்தேன். நரைச்ச தாடியோட நான் உக்காந்திருக்கேன், பக்கத்துக் கட்டத்துல இளவரசி.

பட்டன் வேண்டாம். செடிக்குத் தண்ணி ஊத்த எதிர்வீட்டு ஆசாரி ஒத்துக்கிட்டார். அங்க குளிர் எப்படி, எனக்கு ஸ்வெட்டர் வேணுமான்னு மட்டும் சொல்லுங்க. இதக் கிழிக்க வேண்டாம். அப்பா தோத்துட்டார்னு பாப்பாகிட்ட நீங்களே சொல்லிடுங்க.