கோவாச் என்னும் குடும்பப் பெயர் எங்கள் வீட்டுக்கு வந்த விதம்

பாளையங்கோட்டை,
1913 ஆகஸ்ட் 18, திங்கட்கிழமை.

மகா கனம் பொருந்திய முக்கூடல் பலவேசம் சித்தப்பா அவர்களுக்கு, அண்ணன் மகள் ஹெப்சிபா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே கர்த்தர் கிருபையால் யாவரும் சுகம். அங்கே முப்பிடாதி அம்மன் கிருபையால் நீங்களும் சித்தியும் சுகமாக இருப்பீர்கள். (அப்பா பார்த்தால் இந்த வரியை அடித்துவிடுவார். ஆனாலும் உங்கள் சுகத்தை நீங்கள் கேட்கிற இடத்தில்தானே நானும் விசாரிக்க வேண்டும்?) இதை உங்களுக்கு வாசித்துக் காட்டும் கடைக்கார நூகு அண்ணாச்சிக்கு என் சலாம். அவர் பைய வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அப்பா என்னை எழுதச் சொன்னது இரண்டே வரி. எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது என்பது ஒன்று. நீங்கள் அதற்கு வர வேண்டாம் என்பது இன்னொன்று. அப்படியே எழுதிப் பார்த்தேன். சாவுச் செய்தி சொல்லும் தந்தி போல இருந்தது. ஆகையால் காரணத்தையும் சேர்த்து எழுதுகிறேன். பாதிக் குற்றம் என்னுடையது.

அப்பா இந்த ஊர் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராகி இருபத்தைந்து வருஷம் ஆகிறது. தாத்தா என்ன செய்தார் என்று யாராவது கேட்டால் முதலில் ‘இரும்பு வேலை’ என்று சொல்லிவந்தார். பிறகு அது ‘இரும்பு வியாபாரம்’ ஆயிற்று. நான் பி.ஏ. தேறிய வருஷத்திலிருந்து வெறும் ‘வியாபாரம்’ மட்டுமே மிஞ்சியிருக்கிறது. மாப்பிள்ளை பாக்கியசீலன் பள்ளிக்கூட வாத்தியார். அவருடைய தகப்பனார் தலைமைக் குமாஸ்தா, பெயர் தேவசிகாமணி ஸ்மித். மிஷன் பள்ளியில் படிக்கும் ஏழைப் பிள்ளைக்குச் சீமையிலிருந்து உதவுகிற துரையின் பெயரையே பிள்ளைக்கு வைப்பது இங்கே ஒரு வழக்கம். மாப்பிள்ளையின் தாத்தா அப்படித்தான் ஸ்மித் ஆனார். அந்தத் துரையை அவர்களில் ஒருவரும் கண்டதில்லை. பெயர்ப்பலகை மட்டும் வாசலில் தொங்குகிறது. பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் அம்மா எலிசபெத் அம்மாள், “உங்களுக்குக் குடும்பப் பேரு என்ன அண்ணாச்சி?” என்று கேட்டார்கள். அப்பா என் முகத்தைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், பிறகு, “கோவாச்சு” என்று சொல்லிவிட்டார்.

இந்தக் கோவாச் என்பவர் ஹங்கேரி தேசத்துத் துரை. பாபநாசம் மலையில் ஏறிப் பெரணிச் செடி சேகரிக்கிறார். அட்டை கடித்துப் புண்ணான காலை இரண்டு வாரம் அப்பாதான் கழுவிக் கட்டினார். அந்த நாட்களில் செடிகளுக்குச் சீட்டு எழுத என்னைக் கூப்பிட்டார்கள். துரையின் பெட்டி மேல் ‘கோவாச் இஷ்த்வான்’ என்று இருந்தது. நம் வழக்கப்படி முதலில் இருப்பது தகப்பனார் பெயர் என்று எண்ணி, “உங்கள் அப்பா கோவாச் சுகமா?” என்று மரியாதைக்கு விசாரித்தேன். சுகம், தாத்தா கோவாச் இறந்துவிட்டார், பெரியப்பா கோவாச்சுக்கு மூட்டு வலி என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார். பிறகுதான் அவர்கள் ஊரில் குடும்பப் பெயர்தான் முன்னால் வரும் என்று விளக்கினார். கோவாச் என்றால் கொல்லன் என்றார். அந்தச் சொல்லே பக்கத்து ஸ்லாவிய ஜனங்களிடமிருந்து வந்ததாம். எந்த ஊருக்கும் ஒரு கொல்லன் வேண்டுமல்லவா, அதனால் தேசம் முழுக்கக் கோவாச் மயம்; சந்தையில் நின்று அந்தப் பெயரைக் கூப்பிட்டால் பாதிச் சந்தை திரும்பிப் பார்க்குமாம். எனக்குச் சந்தோஷம் தாங்காமல், எங்கள் தாத்தாவும் கொல்லர்தான், முக்கூடலில் சித்தப்பா இன்றைக்கும் பட்டறை வைத்திருக்கிறார் என்று சொல்லிவிட்டேன். நான் மூன்று வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். பேசிய ஒரு நாளில் இதைப் பேசினேன்.

பெண் பார்த்த மறுநாள் அப்பா துரையிடம் போய், “துரை, உங்க பேரை எங்களுக்குத் தருவியளா?” என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். துரை சிரித்து, தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள், எங்கள் நாட்டில் வேண்டிய மட்டும் இருக்கிறது என்றார். அப்பா அதைப் பெரிய ஜமீன்தாரின் பேச்சாக எடுத்துக்கொண்டார். அர்த்தத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று மூன்று தடவை அப்பாவின் மேஜை வரை போனேன். மூன்று தடவையும் அவர் புதுக் கையெழுத்துப் பழகிக்கொண்டிருந்தார். “ஏட்டி, பாத்தியா? பி.ஏ. படிச்ச பிள்ளைக்கு ஏத்த பேரு!” என்றார். திரும்பி வந்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கு முந்தின ஞாயிறு கோவிலில் முதல் ஓலை. எங்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பெயர்களை வாசித்து, தடை உண்டா என்று சபையைக் கேட்பார்கள். பாதிரி ஐயர், “வேதமுத்து கோவாச்சின் குமாரத்தி ஹெப்சிபா கோவாச்” என்று வாசித்ததும், பின்வரிசையில் இருந்த துரை தம்மைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று எழுந்து நின்றார். தடை சொல்லத்தான் எழுந்தார் என்று சபையே திரும்பிப் பார்த்தது. நான் காலடித் தரையைப் பார்த்தேன்.

அதோடு போயிருக்கலாம். மத்தியானம் சம்பந்தி வீட்டார் எங்கள் வீட்டில் காப்பி சாப்பிட உட்கார்ந்திருக்கையில் துரை வாழ்த்துச் சொல்ல வந்தார். தம் பெயர் தகுந்த குடும்பத்துக்குத்தான் போயிருக்கிறது என்று ஆரம்பித்தார். தலைமைக் குமாஸ்தாவுக்கு இங்கிலீஷ் தெரியும். காப்பித் தம்ளர் அவர் கையில் அந்தரத்தில் நின்றது. எலிசபெத் அம்மாள் என்னைப் பார்த்து, “என்ன சொல்லுதாரு?” என்றார்கள். நான், “நல்ல பழைய பேராம்” என்றேன். நான் சரியாக விளக்கவில்லை என்று துரைக்குத் தோன்றியதோ என்னவோ, இடது கையால் துருத்தி ஊதி, வலது கை முஷ்டியால் எங்கள் மேஜையை டங் டங் என்று அடித்துக் காட்டினார். தட்டில் இருந்த முறுக்கு குதித்தது.

“இது கொல்லம் பட்டறையில்லா!” என்றார்கள் எலிசபெத் அம்மாள்.

துரை மகிழ்ந்து, ஆமாம் என்று தலையை ஆட்டி, அப்பாவைக் காட்டி, என்னைக் காட்டி, முக்கூடல் இருக்கிற திசையையும் காட்டினார். பிறகு சம்பந்தியின் பெயரைக் கேட்டார். ஸ்மித் என்று தெரிந்ததும் எழுந்து அவருடைய இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கி, நீங்களும் கொல்லரா, இங்கிலீஷ்காரரிடமும் இந்தப் பெயர்தான் ஊருக்கு ஊர் கிடக்கிறது என்றார்.

“நாங்க கொல்லரில்ல வே! ஸ்மித்து!” என்று தமிழில் கத்திவிட்டார் தலைமைக் குமாஸ்தா.

அந்தப் பெயரைப் பாடப் புத்தகங்களில் எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன். அதற்குள் ஓர் உலை எரிவது எனக்கும் அன்றுதான் உறைத்தது. மாப்பிள்ளை கீழே விழாத கைக்குட்டையை மேஜைக்கு அடியில் குனிந்து தேடினார். அவர் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன். காப்பியைக் குடிக்காமலே அவர்கள் போய்விட்டார்கள்.

அப்பா ஐயரிடம் போய்க் கோவாச்சை எடுத்துவிடச் சொன்னார். ஒரு தடவை வாசித்த பெயரை மூன்று தடவையும் அப்படியேதான் வாசிக்க வேண்டும் என்று ஐயர் சொல்லிவிட்டார். நேற்று இரண்டாம் ஓலையில் கோவாச் மறுபடி ஒலித்தது. சம்பந்தி வீட்டு வரிசை காலியாக இருந்தது. வீட்டுக்கு வந்த அப்பா, “பலவேசம் கரிக் கையோட வந்து நின்னாம்னா மிச்சமும் போயிரும். வராண்டாம்னு எழுது” என்றார்.

சித்தப்பா, காலேஜுக்குப் போகையில் என் பெட்டிக்கு நீங்கள் அடித்துக் கொடுத்த கொண்டி நாலு வருஷமும் ஒரு நாள்கூட என்னைக் கைவிட்டதில்லை. அந்தக் கையை வர வேண்டாம் என்று என் கையால் எழுதுகிறேன். கல்யாணமே நிற்குமோ என்று பயந்திருக்கும் அப்பாவை இன்றைக்கு எதிர்த்துப் பேச எனக்குத் தைரியம் வரவில்லை. மன்னிக்க வேண்டும். உங்கள் ஆசீர்வாதத்தைத் தபாலில் அனுப்பினால் போதும். சித்திக்கு என் அன்பு. கொட்டிலில் இருக்கும் கன்றுக்குட்டி வரைக்கும் எல்லாரையும் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு, கீழ்ப்படிதலுள்ள மகள்,
ஹெப்சிபா (இன்னும் ஒரு ஞாயிற்றுக்குக் கோவாச்)

பின்குறிப்பு, செவ்வாய்க்கிழமை: மேலே ‘வர வேண்டாம்’ என்று இருக்கிற இடங்களை எல்லாம் நூகு அண்ணாச்சி வாசிக்காதது போலவே விட்டுவிட வேண்டும். இன்று காலை மாப்பிள்ளையின் அப்பா தேவசிகாமணி மாமா தனியாக வந்து மடியிலிருந்து ஒரு பழைய பாக்குவெட்டியை எடுத்து வைத்தார். “எங்க தாத்தாவோட அப்பா தம் பட்டறையில அடிச்சது. பெட்டிக்கு அடியில கெடந்துச்சு. ஆணி கழண்டுபோச்சு. உம்ம தம்பி சரிபண்ணுவாரா வே?” என்று கேட்டார். அப்பா அதை வாங்கிப் பெருவிரலால் கூர் பார்த்து, “நல்ல கையில்லா!” என்றார். பிறகு என்னிடம், “ஏட்டி, கடுதாசியை ஒட்டிட்டியா?” என்றார். ஒட்டவில்லை என்றேன். நேற்றே ஒட்டாமல்தான் வைத்திருந்தேன்.

ஆகையால் இந்தக் கடிதத்துக்குத் தபால்தலை இல்லை. பாக்குவெட்டியோடு இதைக் கொண்டுவந்து உங்கள் பட்டறை வாசலில் நிற்கிறவர்தான் கோவாச் துரை. அவர் குடும்பத்தில் ஐந்து தலைமுறையாக ஒருவரும் சுத்தியல் பிடித்ததில்லையாம். ஒரே ஓர் அடி அடித்துப் பார்க்க ஆசைப்படுகிறார். கொடுங்கள். விரலில்தான் அடிப்பார் என்று அப்பா ஒரு சுருள் கட்டுத்துணியும் அனுப்பியிருக்கிறார். கட்டுப் போட்டதும் அதே வண்டியில் நீங்களும் சித்தியும் ஏறிக்கொள்ளுங்கள். ஞாயிறு மூன்றாம் ஓலை. பெயரைக் கேட்டதும் எழுந்து நிற்க வேண்டாம் என்று துரைக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். உங்களுக்கும் சொல்கிறேன், அது உங்கள் பெயரும்தானே.