நூறு மீட்டருக்குள் குடை

தேர்தலில் தோற்கப் பல வழிகள் உண்டு. சந்தேகம் கேட்டே தோற்றவன் அநேகமாக நான் ஒருவன்தான்.

மலைமேல் குந்தாவுக்குப் பக்கத்தில், தேயிலை எஸ்டேட்டை ஒட்டிய சிறிய பள்ளிக்கு நான் தலைமை ஆசிரியர். ஐந்து வகுப்பு, இரண்டு அறை, தகரக் கூரையில் ஏழு ஓட்டை. (எண்ணினேன். மழைக்காலத்தில் வேறென்ன செய்வது?) பிள்ளைகள் பக்கெட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து படித்தார்கள். கூரைக்குப் பணம் கேட்டு எழுதிய மனுக்களுக்கெல்லாம் ‘பரிசீலனையில் உள்ளது’ என்றே பதில் வந்தது. அலுத்துப்போய், பணம் ஒதுக்குகிற இடத்துக்கே போய்விடலாமென்று விருப்ப ஓய்வு வாங்கி, சட்டமன்றத்துக்குச் சுயேச்சையாக நின்றேன்.

“ஏனுங்க, நாலு தகரம் மாத்தறதுக்கு எம்.எல்.ஏ. ஆகோணுமாக்கும்?” என்றாள் என் மனைவி சரோஜா.

“நம்ம ஸ்கூல் மட்டுமில்ல, மலை பூரா இப்படித்தான் ஒழுகுது” என்றேன். அதை அவள் மறுக்கவில்லை. நான் ஜெயிப்பேன் என்பதைத்தான் மறுத்தாள்.

கிடைத்த சின்னம் குடை. என்னை முன்மொழிந்த மளிகைக்கடை காதர் பாய் துள்ளிக் குதித்தார். “வாத்தியாரே, மத்தவங்க சின்னத்தைச் சுவத்துல வரையோணும். உங்க சின்னம் ஊட்டுக்கு ஊடு ஆணியில தொங்குதுங்க!”

தொழிலாளர் குடியிருப்புகளில் முட்டி தேய ஏறி இறங்கினேன். கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்த வாக்காளர்களை எழுந்து நிற்கச் சொன்னேன். (முப்பது வருடப் பழக்கம்.) ஒவ்வொரு பேச்சையும் “குடையை மறக்காதீங்க” என்று முடித்தேன்.

அவர்கள் மறக்கவில்லை. எங்கள் பள்ளிதான் வாக்குச்சாவடி. அன்று விடியும்போதே நல்ல மழை. பெண்கள் வரிசையாக இறங்கி வந்தார்கள். ஒவ்வொரு தலைக்கு மேலும் என் சின்னம். வேறொருவனாக இருந்தால் பூரித்திருப்பான். எனக்கோ விதிப்புத்தகம் நினைவுக்கு வந்தது. சாவடியிலிருந்து நூறு மீட்டருக்குள் சின்னத்தைக் காட்டக் கூடாது என்பது விதியல்லவா?

உள்ளே போய் அதிகாரியிடம் கேட்டேன். “சார், ஒரு சந்தேகமுங்க. குடை என் சின்னம். அதைப் பிடிச்சுட்டு இங்க வரலாமுங்களா?”

டீயை ஊதிக்கொண்டிருந்தவர் டம்ளரைக் கீழே வைத்தார். “நீங்க கேக்காம இருந்தா நான் யோசிச்சே இருக்க மாட்டேனுங்க. கேட்டுட்டீங்க. இனி வரக்கூடாதுங்க.”

குடைகளை எல்லைக்கு வெளியே வைக்கச் சொல்லும் வேலையையும் நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன். முதலில் வந்தவள் என் பழைய மாணவி மாரியம்மாள், இடுப்பில் கைக்குழந்தையோடு.

“உங்களுக்கு ஓட்டுப் போடத்தானுங்க சார் வந்தோம். குழந்தைய நனைச்சுட்டா போறது?”

“விதி, மாரியம்மா.”

“அப்ப அந்த விதியவே எலக்‌ஷன்ல நிக்கச் சொல்லுங்க!”

திரும்பி நடந்தாள். பின்னால் இருந்தவர்களும் திரும்பினார்கள். மேடேறிப் போன குடைகளை எண்ணிப் பார்த்து, முப்பத்தொன்றோடு நிறுத்திக்கொண்டேன்.

காதர் பாய் தலையில் அடித்துக்கொண்டார். “எதிராளி காசு குடுத்தாக்கூட இத்தனை சுத்தமா ஆள் கெடைக்காதுங்க வாத்தியாரே!”

மத்தியானம் கூரையில் எட்டாவது ஓட்டை விழுந்தது, சரியாக வாக்குப்பெட்டிக்கு நேர் மேலே. “யாராச்சும் ஒரு குடை கொண்டாங்க!” என்று அலறினார் அதிகாரி. வந்த குடையை அவரே பெட்டிக்கு மேல் விரித்துப் பிடித்தார். எனக்கு இன்னொரு சந்தேகம் வந்தது. வாயைத் திறந்தேன். காதர் பாய் பொத்திவிட்டார்.

டெபாசிட் போயிற்று. ஆனால் அடுத்த மழைக்கு முன்பே பள்ளிக்குப் புதுக் கூரை வந்தது. வாக்குப்பெட்டி நனைந்ததென்று அந்த அதிகாரி மேலே எழுதியிருந்தாராம். பிள்ளைகள் நனைந்த வருடங்களெல்லாம் பரிசீலனையில் இருந்த கூரை அது. மலையின் மற்ற பள்ளிகள் இன்னும் ஒழுகிக்கொண்டிருந்தன. அவற்றில் பெட்டி நனையவில்லை போலும்.

இப்போதும் வெளியே கிளம்பும்போது ஆணியிலிருந்து குடையை எடுத்தால், சமையலறையிலிருந்து சரோஜாவின் குரல் வரும்: “ஏனுங்க, ஆருகிட்டயாவது கேட்டுட்டீங்களா?” பேரப்பிள்ளைகள் வரை சிரிப்பார்கள். நான் குடையை மறுபடி மாட்டிவிட்டு, நனைந்துகொண்டே போய்விடுகிறேன்.