மேகத்துக்கு ஃபவுல் கொடுத்தவர்

ஒரு மைதானத்தில் யாருமே விளையாடுவதில்லை என்று எழுத்துப்பூர்வமாக அறிக்கை கொடுத்தவன் நான். அந்த நேரத்தில் அங்கே பத்துப் பெண்கள் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

கொடைக்கானலில் ஒரு பெண்கள் கல்லூரி. நான் அதில் அலுவலகக் கண்காணிப்பாளர். சீசனில் வந்து குவியும் சுற்றுலா வண்டிகளை நிறுத்த, சும்மா கிடக்கும் கூடைப்பந்து மைதானத்தைக் கொடுத்தால் என்ன என்று நிர்வாகத்துக்கு ஒரு யோசனை. பார்த்து எழுதச் சொன்னார்கள். குளிருக்குப் பயந்து ஜன்னலைத் திறக்காமலேயே, ஒரு வாரம் தினமும் நாலு மணிக்குக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஈ காக்கை இல்லை. "மைதானம் பயன்பாட்டில் இல்லை" என்று எழுதி, அடியில் இரண்டு கோடு வேறு போட்டேன்.

நாலு மணிக்கு இந்த ஊரில் மேகம் ஏறிவிடும், என் ஜன்னலிலிருந்து சர்ச் கோபுரமே தெரியாது என்பதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. இருபது வருஷமாக இங்கேதான் குப்பை கொட்டுகிறேன். ஆனால் கையில் ஒரு கோப்பு வந்துவிட்டால் எனக்கு மற்றதெல்லாம் மறந்துவிடும்.

அந்த மைதானத்தை ஆண்டவர் கோச்சம்மா. பழனி மலைத்தொடரிலேயே மேகத்துக்கு ஃபவுல் கொடுத்த ஒரே மனுஷி. ஆட்டம் சூடுபிடிக்கும்போது மேகம் உள்ளே நுழைந்தால் விசில் ஊதி, கையை உயர்த்தி, நோட்டில் குறித்துக்கொள்வார். கூடைப்பந்து விதிப்படி ஐந்தாவது ஃபவுலோடு மேகம் வெளியே போயாக வேண்டும். மேகம்தான் விதியை மதித்ததில்லை.

ஒரு காலத்தில் மாநில அணிக்கு ஆடியவர், பிறகு பயிற்சியாளர், பிறகு கல்லூரியின் விளையாட்டுத் துறை மொத்தத்துக்கும் பொறுப்பு. பதவி ஏறினாலும் விசில் கழுத்தைவிட்டு இறங்கவில்லை. ஆசிரியர் கூட்டத்தில் யாராவது மூன்று நிமிடத்துக்கு மேல் பேசினால் ஊதிவிடுவார். கல்யாண மேடையில் மணப்பெண்ணை ஏற இறங்கப் பார்த்து, "நல்ல உசரம். ரெண்டு வருசம் முந்தி என் கண்ணுல படாமப் போச்சே" என்பார். மாப்பிள்ளை வீட்டார் கலவரமாகிவிடுவார்கள்.

என் அறிக்கையைக் கையில் சுருட்டிக்கொண்டு ஒருநாள் நாலு மணிக்கு அலுவலகத்துக்கு வந்தார்.

"எந்திரிங்க சார். பயன்பாட்டில் இல்லாத மைதானத்தைப் போய்ப் பாத்துட்டு வருவோம்."

"சோலி நெறையக் கெடக்கு மேடம்..."

விசில். எழுந்துவிட்டேன்.

மைதானத்தில் என் கையே எனக்குத் தெரியவில்லை. பந்து தரையில் மோதும் சத்தம், ஷூ தேயும் சத்தம். நடுநடுவே, "வில்பட்டி!" "ஆடலூர்!" "அட்டுவம்பட்டி!" வழி தவறி பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டோமோ என்று நினைத்தேன்.

"பந்து வேணுங்கிறவ ஊர்ப் பேரைச் சொல்லணும் சார். சத்தம் வந்த எடத்துக்குப் பந்து போகும்" என்றார் கோச்சம்மா. "இந்த வில்பட்டிப் புள்ள வந்து ஒரு வருசம் வாயே தொறக்கல. கிளாஸ்ல பேரைக் கூப்பிட்டா எந்திரிச்சு நிக்கும், அவ்வளவுதான். இப்பக் கேளுங்க."

"வில்பட்டீ!" மலை ஒருமுறை திருப்பிச் சொன்னது.

"மைதானத்தை எடுத்துட்டீங்கன்னா இதுக மறுபடி வாயை மூடிக்கிரும் சார்."

அவர் குரல் இவ்வளவு தணிந்து நான் கேட்டதில்லை. பதில் சொல்லத் திரும்பினேன். பக்கத்தில் அவர் இல்லை, எங்கேயும் எதுவும் இல்லை, ஒரே வெள்ளை. வந்த வழி தெரியாத பயத்தில், யாராவது வந்து கூட்டிப்போகட்டும் என்று, "ஆபீஸ்! ஆபீஸ்!" என்று கத்தினேன்.

பந்து வந்தது. விதிப்படி, துல்லியமாக, மூக்குக்கு.

மறுநாள் புதிய அறிக்கை எழுதினேன்: "மைதானம் பயன்பாட்டில் உள்ளது. முந்தைய அறிக்கை கண்ணால் பார்த்து எழுதப்பட்டது. இது மூக்கால் உறுதி செய்யப்பட்டது." கல்லூரிச் செயலாளர் அறிக்கையைப் படித்தார், என் மூக்கின் பிளாஸ்திரியைப் பார்த்தார், வண்டிகளுக்கு வேறு இடம் தேடச் சொன்னார்.

போன வருஷம் கோச்சம்மா இன்னும் பெரிய பதவிக்கு மதுரை போனார். "அங்க மேகமே எறங்காதாம் சார். நான் யாருக்கு ஃபவுல் குடுக்கிறது?" என்று ஒரு வாரம் புலம்பினார்.

கடைசி நாள் நாலு மணிக்கு மைதானத்துக்குப் போனேன். நல்ல மேகம். சொல்வதற்கு நிறைய யோசித்து வைத்திருந்தேன். வாயில் வந்தது ஒன்றுதான்.

"ஆபீஸ்!"

ஆட்டம் நின்றது. பிறகு பந்து மெதுவாக உருண்டு வந்து என் செருப்பில் முட்டி நின்றது. குனிந்து எடுத்தவனுக்கு நிமிரக் கொஞ்சம் நேரமாயிற்று.

கோச்சம்மா எனக்கென்று அனுப்பிய கடைசிப் பந்து என்று ஒரு வாரம் உருகிக்கொண்டிருந்தேன். சான்றிதழ் வாங்க வந்த வில்பட்டிப் பெண்ணிடமும் அதைச் சொன்னேன்.

"அது நான் போட்ட பந்து சார்" என்றாள் அவள். "எறியத்தான் போனேன். மேடம் வெரசா வந்து கையைப் புடிச்சுட்டாங்க. 'உருட்டி விடு புள்ள, சாருக்குப் புடிக்கத் தெரியாது'ன்னாங்க."