அஞ்சாம் நம்பர் மேசையின் வெங்காய சூப்

பேரையூர்,
12-2-84, ஞாயிறு காலை.

பிரியமுள்ள மைத்துனர், பிலாய் உருக்காலை போர்மேன், உயர்திரு நல்லகாமன் அவர்களுக்கு பேரையூர் வெள்ளைத்துரை எழுதிக்கொண்டது. இங்கு நானும், உன் அக்கா முத்துத்தாயும், மகள் ஜெயக்கொடியும், சினையாக இருக்கும் செவலைப் பசுவும் நலம். அங்கு உன் மனைவி மக்கள் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். தலைப்பில் மரியாதை கொடுத்தாகிவிட்டது. இனி நீ என்றே எழுதுகிறேன், ஏனென்றால் உன் மேல் எனக்குக் கோபம். கோபத்தில் பாதி வெள்ளிக்கிழமை சாயங்காலமே தீர்ந்துவிட்டது. மீதியை எழுதித் தீர்த்துவிடுகிறேன்.

நீ கொண்டுவந்த சம்பந்தம் முறிந்தது. சந்தோஷமாகச் சொல்கிறேன், முறிந்தே போயிற்று. ஆனையூர் கண்ணுச்சாமி நல்ல மனிதர், பாண்டிச்சேரி மில்லில் பிரெஞ்சுக்காரர்களோடு வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர், அவர் மகன் முத்திருளன் பாங்கில் இருக்கிறான், தாயில்லாப் பிள்ளை, தங்கமான குணம் என்றெல்லாம் எழுதியிருந்தாய். அதெல்லாம் சரிதான். ஆனால் ஜெயக்கொடி கல்யாணத்துக்குப் பிறகும் பசுமலைப் பள்ளிக்கூடத்து வேலையை விடமாட்டாள் என்பதை அவர்களிடம் சொன்னாயா என்று கேட்டு நான் போட்ட இரண்டு கடிதங்களுக்கும் நீ பதிலே போடவில்லை. உனக்குத் தெரியாதா, அந்தப் பிள்ளைக்குக் கணக்கு டீச்சர் வேலைதான் உயிர். வார லீவுக்கு ஹாஸ்டலிலிருந்து இங்கே வந்தாலும் ஆறாம் வகுப்புப் பரீட்சைத் தாள்களைக் கட்டிக்கொண்டுதான் வருவாள். எவனோ ஒருத்தன் பின்னத்தைத் தலைகீழாகப் போட்டுவிட்டான் என்று சோற்றில் கை வைத்தபடி வருத்தப்படுவாள்.

நேரில் பேசி முடிக்கலாம் என்று கண்ணுச்சாமியே சொல்லி அனுப்பினார். எங்கே பேசுவது என்பதில்தான் சிக்கல். நம் வழக்கம் உனக்குத் தெரிந்ததே. பேச்சு முடிகிறவரை ஒரு வீட்டார் இன்னொரு வீட்டில் கை நனைக்கக்கூடாது. நனைத்துவிட்டால் சம்மதம் என்றாகிவிடும், அப்புறம் பின்வாங்கினால் ஊரே சிரிக்கும். கண்ணுச்சாமி அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். மதுரை ஸ்டேஷன் பக்கம் பாத்திரக் கடை மாடியில் அவருடைய பழைய சிநேகிதர் ஒருவர் பிரெஞ்சு மாதிரியில் ஹோட்டல் திறந்திருக்கிறார், பெயர் 'பெத்தி பாரீஸ்', அது பொது இடம், அங்கே சாப்பிட்டால் குற்றமில்லை என்றார். எனக்கும் நியாயமாகப் பட்டது. பிரெஞ்சுச் சாப்பாடு ஆயிற்றே என்று மத்தியானச் சோற்றை வேண்டாம் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். உன் அக்காவின் தடை உத்தரவு திருமங்கலம் தாண்டிய பிறகுதான் வந்தது.

"இந்தா பாருங்க, ஓட்டலோ வீடோ, அவுக கூட்டிட்டுப் போயி அவுக வாங்கிக் குடுத்தா அது அவுக வீட்டுச் சோறுதான். புள்ள வேலைக்குப் போகலாம்னு அவரு வாயால சொல்றவரைக்கும் பச்சைத் தண்ணி பல்லுல படக்கூடாது, ஆமா."

"இத வீட்லயே சொல்லியிருந்தா ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு வந்திருப்பேன்ல?"

"சொல்லியிருந்தா நாலு வாய் சாப்பிட்டிருப்பீக. பஸ்ஸ விட்டிருப்போம்."

மாடிக்குப் போனால் ஒரே இருட்டு. மேசைக்கு ஒரு சீசா, சீசா வாயில் மெழுகுவர்த்தி. கரண்டு போய்விட்டதா என்று கேட்டேன். கழுத்தில் கறுப்பு வண்ணத்துப்பூச்சி மாதிரி டை கட்டியிருந்த சர்வர் பேச்சிமுத்து, "இல்ல சார், இதுதான் ஸ்டைலு" என்றான். கொஞ்ச நேரத்தில் கரண்டு நிஜமாகவே போயிற்று. மின்விசிறி நின்று வேர்த்து ஊற்றிய பிறகுதான் அது எங்களுக்குத் தெரிந்தது. கீழே கடையில் யாரோ அண்டாவுக்குப் பெயர் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த டங்டங் சத்தத்துக்கு நடுவில் கண்ணுச்சாமி மெனு கார்டைப் பிடித்துக்கொண்டு மூக்கால் பிரெஞ்சு பேசி, நாங்கள் மூவர், அவரும் மகனும், ஆக ஐந்து பேருக்கும் ஆர்டர் கொடுத்தார். பேச்சிமுத்து கடைசிவரை கேட்டுவிட்டு, "சார், தமிழ்ல சொல்லுங்க, இல்லாட்டி விரல வச்சுக் காட்டுங்க" என்றான். அவர் விரலால் காட்டினார். அவன் எதையும் எழுதிக்கொள்ளாமல் தலையாட்டிவிட்டுப் போனவன்தான், பிறகு ஆளையே காணோம்.

நடுவில் எல்லா மேசைக்கும் இலவசமாக வைக்கும் ஒரு கூடை ரொட்டி மட்டும் வந்தது. முழ நீளம், விறகுக் கட்டை தோற்கும். கண்ணுச்சாமி ஒன்றைக் கடித்து இழுத்தார். பல்செட்டு ரொட்டியோடு போய்விடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது. பக்கத்து மேசைக்காரர் கோழியை அறுத்துப் பார்த்து உள்ளே சிவப்பாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார். திருப்பிப் போன கோழி போன மாதிரியே, மேலே கொத்தமல்லித் தழையோடு மறுபடி வந்தது. முத்திருளன் இரண்டு தடவை "அப்பா..." என்று ஆரம்பித்ததைத் தவிர வாயைத் திறக்கவில்லை. ஜெயக்கொடி பள்ளிக்கூடத்திலிருந்து நேரே வந்தவள், விரலில் சாக்பீஸ் தூள்கூடப் போகவில்லை, மெழுகுவர்த்தியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

உன் அக்காதான் பேச்சை எடுத்தாள். "அண்ணே, புள்ள வேலைக்குப் போறதப் பத்தி ஒங்க மனசுல என்ன இருக்கு?"

"என்ன தங்கச்சி, எங்க வீட்டுல என்ன கொறச்சல்? பொம்பள சம்பாதிச்சாத்தானா நாங்க ஒலை வைக்கப் போறோம்? அதெல்லாம் கல்யாணத்துக்கப்புறம் பாத்துக்கலாம்."

"அப்புறம் பாக்குற விசயமில்லண்ணே இது."

இந்த இடத்தில்தான் நல்லகாமா, என் முன்னால் ஒரு கிண்ணம் வந்து உட்கார்ந்தது. என் முன்னால் மட்டும். வெங்காய சூப். நெய்யில் வெங்காயத்தைச் சிவக்கச் சிவக்க வதக்கினால் தெருமுனை வரைக்கும் ஒரு வாசம் போகுமே, அந்த வாசம். மேலே சீஸ் உருகிப் பாலாடை மாதிரி மூடிக்கிடந்தது. வேறு எந்தப் பண்டமும் தேறாத அந்த ஹோட்டலில் அது ஒன்று மட்டும் தேவாமிர்தமாக இருந்து தொலைத்தது. எப்படித் தெரியும் என்று கேட்பாய். காலையில் தின்ற மூன்று இட்லியோடு இருந்தவன் நான். பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள், இருட்டாகவும் இருக்கிறது, ருசி மட்டும் பார்ப்போம் என்று ஒரு ஸ்பூன் எடுத்தேன். அடுத்து எனக்கு நினைவு வந்தபோது ஸ்பூன் கிண்ணத்தின் அடியைச் சுரண்டுகிற சத்தம் கேட்டது. அண்டாக்காரனும் சரியாக அந்த நேரம் பார்த்துத்தானா நிறுத்தவேண்டும்!

கண்ணுச்சாமி எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "சம்பந்தி! கை நனைச்சிட்டீக! இனிமே பேசுறதுக்கு என்ன இருக்கு?"

கையே படவில்லை, ஸ்பூன்தானே பட்டது என்று சொல்லிப் பார்த்தேன். எனக்கே அது எடுபடவில்லை. உன் அக்கா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதினால் தபால்காரன் பயந்துவிடுவான். ஜெயக்கொடி பார்க்கவே இல்லை. தலையைக் குனிந்துகொண்டாள். நல்லகாமா, எம்.எஸ்ஸி. வரை படித்து, அலைந்து திரிந்து, தானாக வாங்கிய வேலை. அதை ஒரு கிண்ணம் சூப்புக்கு விற்றுவிட்டேனே பாவி என்று அந்த இருட்டில் அழுகை வந்தது.

அப்போது மறுபக்கத்து மேசையிலிருந்து ஒரு குரல், "ஏய்யா, எஞ் சூப்பு எங்கய்யா?"

பேச்சிமுத்து ஓடிவந்து எங்கள் மேசையைப் பார்த்தான், கிண்ணத்தைப் பார்த்தான், என் மீசையைப் பார்த்தான். "சார், இது அஞ்சாம் நம்பர் மேசைக்கு வந்ததாச்சே! நீங்க நாலு!"

அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவன் கழுத்து வண்ணத்துப்பூச்சி என் கையோடு வந்துவிட்டது. நேரே அஞ்சாம் நம்பர்க்காரரிடம் போனேன். "அண்ணே, நான் குடிச்சது ஒங்க சூப்புன்னு எல்லாருக்கும் கேக்குற மாதிரி ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே."

"எஞ் சூப்பக் குடிச்சுப்புட்டு சாட்சியும் நானே சொல்லணுமா? சரி, சொல்றேன். மொதல்ல எனக்கு வேற சூப்பு வரட்டும்."

கண்ணுச்சாமி விடவில்லை. யார் சூப்பாக இருந்தால் என்ன, சம்பந்தம் பேசுகிற மேசையில் உட்கார்ந்து குடித்ததுதானே என்றார். அன்னியர் சோறு அன்னியர் சோறுதான், அதைக் குடித்ததற்கு வேண்டுமானால் அஞ்சாம் நம்பர்க்காரர் வீட்டில் பெண் கொடுக்கிறோம் என்றாள் உன் அக்கா. "எனக்கு அறுவது வயசும்மா" என்று அங்கிருந்து குரல் வந்தது. தீர்ப்புக்கு முதலாளியைக் கூப்பிட்டார்கள். அவர் கரண்டியோடு வந்தார், விசாரித்தார், பேச்சிமுத்துவை முறைத்தார். பிறகு உண்மை வெளியே வந்தது. எங்கள் மேசை ஆர்டரைச் சமையல்கட்டில் சொல்லவே பயல் மறந்துவிட்டானாம். நாலாம் நம்பருக்கென்று அடுப்பில் ஒரு முட்டைகூட ஏறவில்லை. கண்ணுச்சாமி வாங்கிக் கொடுத்ததாக உலகத்தில் ஒரு பருக்கைகூட இல்லை, நான் எதை நனைக்க?

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "அப்பச் சரி. வேலைய விடுறதா இருந்தா மேக்கொண்டு பேசுவோம். இல்லாட்டி இத்தோட விட்ருவோம்" என்றார். "விட்ருவோம்" என்று நாங்கள் மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னோம். படியிறங்கி, பஸ் ஸ்டாண்டு ஓரத்துக் கடையில் சொந்தச் செலவில் பரோட்டா தின்றபோது எனக்கு வந்த நிம்மதி இருக்கிறதே, ஜெயக்கொடி பிறந்த அன்றுகூட அப்படி வரவில்லை. அவள் மட்டும் சரியாகச் சாப்பிடவில்லை. களைப்பாக இருக்கும்.

ஆகையால் மைத்துனரே, இந்தப் பேச்சை இனி எடுக்காதே. வேறு இடம் பார்த்தால் முதலில் வேலை விஷயத்தைக் கேள். இருட்டாக இருக்கும் ஹோட்டல் எதுவும் வேண்டாம். உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசிகள். உலைப் பக்கம் நின்றுவிட்டு வந்த சூட்டோடு பனியில் நடக்காதே, மார்ச்சளி பிடிக்கும் என்று உன் அக்கா எழுதச் சொல்கிறாள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்ற மன நிறைவோடு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அக்காள் கணவன்,
வெள்ளைத்துரை.

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும்போது மத்தியான பஸ் வந்தது. அதிலிருந்து முத்திருளன் இறங்கினான், தனியாக. வாசலில் செருப்பை விட்டுவிட்டு நேரே அடுப்படிப் பக்கம் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "அத்தே, பசிக்குது" என்றான். கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. உன் அக்கா கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்றாள். "தம்பி, பேச்சு முறிஞ்சு போச்சேப்பா. இங்கன கை நனைச்சா..."

"தெரியும் அத்தே. அதுக்குத்தான் வந்தேன். நல்லாக் கொழம்ப ஊத்துங்க."

மூன்று தடவை சோறு வாங்கி, முழங்கை வரை வழியவிட்டுச் சாப்பிட்டான். டீச்சர் வேலைக்குப் போகட்டும், பாங்குக்குப் போகிற வழியில் பசுமலையில் சைக்கிளில் இறக்கிவிட்டுப் போகிறேன் என்றான். ஆனையூரிலிருந்து டவுனுக்குப் போகிற பாங்குக்காரனுக்குப் பசுமலை எப்படி வழியாகும் என்று நான் கேட்கவில்லை. அடுத்த பஸ்ஸில் கண்ணுச்சாமி மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். மகனின் கையைப் பார்த்தார். "நனைச்சுப்புட்டான்" என்று கட்டிலில் உட்கார்ந்தவர், வெகு நேரம் செவலையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "வேலைக்குத்தான போவா, போகட்டும். ஒத்தப் பிள்ளைய வச்சுக்கிட்டு நான் யாருகூட மல்லுக்கட்டுறது? எனக்கும் ஒரு எலையப் போடுங்க" என்றார்.

மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொண்டு வைகாசிக்கு லீவு எழுதிக்கொடு. ஆனால் ஒன்று, நல்லகாமா. அந்த இலையை நான் உடனே போட்டுவிடவில்லை. ஒரு தரம் பட்டது போதாதா? இலையைக் கையில் வைத்துக்கொண்டே ஜெயக்கொடியைப் பார்த்தேன். இந்தத் தடவை அவள் தலையைக் குனியவில்லை.

"போடுங்கப்பா" என்றாள். போட்டேன்.